நொண்டாத கால்

சிக்கந்தர் ராவுத்தர் குதிரைச் சந்தைக்குள் நுழைந்தால் தரகர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நிற்பார்கள். மரியாதையினால் அல்ல, பயத்தினால். மனுஷர் எந்தக் குதிரையிலும் முதலில் குறையைத்தான் பார்ப்பார். பல்லில் ஒன்று, குளம்பில் ஒன்று, சுழியில் ஒன்று என்று பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அதற்குள் விற்க வந்தவன் பாதி அழுதிருப்பான். லாடக்காரனிடம் கரி அள்ளிக்கொண்டிருந்தவர் லாயத்துக்குச் சொந்தக்காரர் ஆனது அந்தக் கண்ணால்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் ஓடைக்கரைத் தைக்காவில் பாவாவின் முன்னால் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். பாவா அந்தத் தொழுகைக் குடிலில் தனியாக இருந்த ஃபக்கீர். வயதில் ராவுத்தருக்கு இளையவர்.

"சின்னவன் ஜமாலைச் சரிபண்ணிக் கொடுங்க பாவா. குடிக்கிறான், சீட்டாடுறான். தேடிப்போய் இழுத்துட்டு வந்தா மறுபடி ஓடுறான். கெஞ்சிப் பார்த்தாச்சு, அடிச்சும் பார்த்தாச்சு. எனக்கு அலுத்துப்போச்சு."

"உங்களுக்கு அவன் ஒருத்தன்தானா?"

"பெரியவன் இருக்கான், ஹனீபா. லாயம், வீடு எல்லாம் அவன் தலையிலதான். அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான். நான் கேட்டது சின்னவனைப் பத்தி."

பாவா கையை நீட்டி வேப்பமரத்தடியில் நின்ற செவலைக் குதிரையைக் காட்டினார். யாரோ வேண்டாமென்று தைக்காவில் விட்டுப்போன குதிரை. வலது முன்னங்கால் முட்டிக்குக் கீழே பிஞ்சுப் பூசணி கணக்காக வீங்கியிருந்தது.

"இதைப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

"மகனைக் கேட்டு வந்தா நொண்டிக் குதிரையைக் கட்டி விடுறீங்களே! சந்தையில கூட என் தலையில எவனும் இப்படித் தள்ளினதில்லை."

"பேரம் படியலேன்னா கிளம்பலாம், ராவுத்தரே."

ராவுத்தர் கிளம்பவில்லை. செவலையின் காலை உற்றுப் பார்த்தார்.

"வீக்கம் வத்திட்டா ஜமாலுக்காக துஆ கேட்பீங்களா?"

"வத்தட்டும்."

அன்று முதல் ராவுத்தருக்குத் தைக்காவே வீடு. விடிந்ததும் செவலையை ஓடைத் தண்ணீரில் நிறுத்துவார். பிறகு நொச்சி இலை ஒத்தடம். அதன்மேல் துணிக்கட்டு. வெயில் ஏறுமுன் கயிற்றைப் பிடித்துக் கரையோரம் மெல்ல நடத்துவார். நின்றே கிடந்தால் வீக்கம் கூடியது, கொஞ்சம் அதிகம் நடந்தாலும் கூடியது. அந்த அளவு கைக்குப் பிடிபடுவதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"ஊன்றித் தொலை! உனக்கு ஊழியம் பண்ணத்தான் என்னைப் பெத்தாங்களா?"

செவலை காதை ஆட்டியது. கண்ணை மூடினாலும் அவருக்கு அந்தக் கால்தான் தெரிந்தது. அதை விட்டால் ஜமால்.

மத்தியானம் தவறாமல் ஹனீபா வருவான். தலையில் புல்லுக்கட்டு, கையில் தூக்குச்சட்டி. வைத்துவிட்டுப் பழைய சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான். ஒருநாள் மட்டும் போகாமல் நின்றான்.

"அத்தா, ஒரு விஷயம் கேக்கணும்."

"ஜமால் வந்தானா?"

"வந்தான். சாப்பிட்டுட்டுப் போயிட்டான்."

"போக விட்டியா? நீயெல்லாம் ஒரு அண்ணன்! இந்தக் காலோட மல்லுக்கட்டவே எனக்குத் தெம்பில்லை. வீட்டுல ஒருத்தனைப் பிடிச்சு வைக்க உனக்குத் துப்பில்லையா?"

ஹனீபா கேட்க வந்ததைக் கேட்கவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

ஒரு காலையில் ராவுத்தர் துணிக்கட்டை அவிழ்த்தபோது வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. தோலுக்கடியில் எலும்பின் வரி தெரிந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"பாவா! வந்து பாருங்க! குறைன்னு விரல் வைங்க பார்ப்போம்!"

பாவா வந்தார். வலது காலை ஏறிட்டும் பார்க்கவில்லை. இடது காலருகே குந்தி உட்கார்ந்தார். தன் தோள்துண்டை நீளமாகக் கிழித்து அந்தக் காலில் சுற்றத் தொடங்கினார்.

ராவுத்தருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"கண்ணு தெரியலையா பாவா? அது நல்ல கால்!"

"தெரியும்."

"வீங்கின கால் இந்தப் பக்கம்!"

"அதை நீங்க பார்த்தீங்க. இதை யார் பார்த்தா?"

"நல்லா இருக்கிறதை எதுக்குப் பார்க்கணும்?"

"தொட்டுப் பாருங்க."

ராவுத்தர் முனகிக்கொண்டே குனிந்து கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். கால் அடுப்புக்கல்லாகக் கொதித்தது. பின்நரம்பு விண்ணென்று முறுக்கேறி நின்றது. அவர் மறுபடி தொட்டதும் செவலையின் உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது.

குதிரைகளிலேயே பழகிய கை அது. இரண்டு காலின் பாரத்தை ஒற்றையாகச் சுமந்த கால் எப்படி இருக்குமென்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒருநாள் கூட இது நொண்டலையே பாவா!" ராவுத்தரின் குரல் இறங்கியிருந்தது. "ஒருநாள் நொண்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"இதுவும் நொண்டினா எந்தக் காலை ஊன்றும், ராவுத்தரே?"

ராவுத்தர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் கரைக்குப் போகவில்லை. வெயில் ஏறியது தெரியவில்லை.

மத்தியானம் ஹனீபா வந்தான். புல்லுக்கட்டை இறக்கினான், தூக்குச்சட்டியை நிழலில் வைத்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்ததென்று ராவுத்தர் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

"வர்றேன் அத்தா."

"ஹனீபா."

நின்றான்.

"இங்க வந்து உக்காருப்பா."

ஹனீபாவின் முகம் வெளுத்தது. நின்ற இடத்தைவிட்டு அவன் அசையவில்லை.

"ஏன் அத்தா? தம்பிக்கு என்ன ஆச்சு?"

ராவுத்தர் தன் பக்கத்துத் தரையைத் துண்டால் தட்டிவிட்டார். "அன்னைக்கு நீ என்னமோ கேக்க வந்தியே, அதைக் கேளு."