ஷாஃப்ட்டுக்குள் மரியாதை கிடையாது

கோயம்புத்தூரில் ஒரு லிஃப்ட் கம்பெனி. அவர்கள் மாட்டிய லிஃப்ட் எந்தக் கட்டிடத்தில் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பட்டனை அழுத்தினால், மணி அடிப்பது கம்பெனியின் போன் அறையில்தான்.

அந்த அறையில் இருப்பவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவர் பெனாசிர். முப்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு அவருடைய அப்பா வயது. பெயர் சென்னியப்பன்.

சென்னியப்பன் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டது நான்தான் என்று சொல்லிக்கொள்வார். அது கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகை இல்லை. இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் போன் அறையில் பழகட்டும், பெனாசிர் சரி என்றால் அங்கேயே ஒரு நாற்காலி, இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. வீட்டில் சும்மா உட்காரும் ஆள் இல்லை அவர்.

முதல் நாள் பெனாசிர் அவரை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். அதற்குள் இருந்த ஏஐ, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவரைப் போலப் பேசும். ஒரு தடவை பயந்துபோன காலேஜ் பெண்ணாக வரும். அடுத்த தடவை யாரையும் மதிக்காத பெரிய மனிதராக வரும். பேசி முடித்ததும் மார்க் போட்டு, எங்கே சறுக்கியது என்றும் எழுதிக் காட்டும்.

“ஏனுங்க மேடம், மனுசங்கிட்டப் பேசறதுக்கு மிஷின் வாத்தியாருங்களா?” என்றார் சென்னியப்பன்.

“வாத்தியார் இல்லீங்கண்ணா. நீங்க எத்தனை தடவை கத்தினாலும் இது கோவிச்சுட்டு எந்திரிச்சுப் போகாது. அதுக்காகத்தான்.”

அவர் கத்தத்தான் செய்தார். காலேஜ் பெண் வாயைத் திறப்பதற்குள் “கதவத் தொடாதே! பட்டன அமுக்காதே! அப்படியே நில்லு!” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சொன்னது எல்லாமே சரிதான். மார்க்கோ பாதாளத்தில் கிடந்தது.

‘நான் சொல்ல வந்ததை முடிக்க நீங்கள் விடவில்லை’ என்று எழுதிக் காட்டியது ஏஐ.

“இத்தனை வருசத்துல என்னைய ஒருத்தன் இப்படிச் சொன்னதில்லீங்க மேடம்.”

“சொல்லப் பயந்திருப்பாங்கண்ணா.”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனால் மனிதர் ரோஷக்காரர். எந்த லிஃப்ட்டையும் ரெண்டு நாள் பார்த்தால் அதன் சூட்சுமத்தைப் பிடித்துவிடுகிறவர், இந்த ஏஐயின் சூட்சுமத்தையும் பிடித்துவிட்டார். ‘உங்க நிலைமை எனக்குப் புரியுதுங்க’ என்று சொன்னால் மார்க் ஏறுகிறது. இரண்டு தடவை சொன்னால் இன்னும் ஏறுகிறது. ‘பயப்படாதீங்க, நாங்க இருக்கறோம்’ என்பதையும் சேர்த்துக்கொண்டால் எங்கேயோ போய்விடுகிறது.

ஒரு வாரத்தில் அவர் மார்க்கை அந்த அறையில் யாராலும் தொட முடியவில்லை. சென்னியப்பன் அறை முழுவதற்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். வழியில் பார்த்த பழைய மெக்கானிக்குகளிடமெல்லாம் மார்க்கைச் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

“மேடம், இனி நாற்காலி எனக்குத்தானுங்களே?”

பெனாசிர் பஜ்ஜியைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். “வாங்கண்ணா, கீழ போலாம்.”

கம்பெனியின் பின்பக்கம், புது மெக்கானிக்குகள் பழகுவதற்கென்று ஒரு லிஃப்ட் உண்டு. பெனாசிர் அவரை அதற்குள் நிற்கவைத்துக் கதவை மூடினார். பாதி வழியில் நிறுத்தினார். வெளியே நின்றபடி போனில் ஏஐயிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “இத்தனை நாள் இவர் உங்கிட்டப் பேசினாரில்ல, அதே மாதிரி இப்ப நீ இவர்கிட்டப் பேசு.”

உள்ளே சென்னியப்பன் சிவப்புப் பட்டனை அழுத்தினார்.

“உங்க நிலைமை எனக்குப் புரியுதுங்க” என்றது ஸ்பீக்கர்.

“என்ன புரிஞ்சுது? நான் இன்னும் வாயே தொறக்கலியே!”

“பயப்படாதீங்க, நாங்க இருக்கறோம்.”

“நானா பயந்தேன்? முட்டி வலிக்குது. உக்கார ஒரு ஸ்டூலு வேணும்!”

“உங்க நிலைமை எனக்குப் புரியுதுங்க.”

சென்னியப்பன் லிஃப்ட்டின் சுவரை ஓங்கித் தட்டினார். பெனாசிர் கேபினைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தார். வெளியே வந்தவருக்கு முகமெல்லாம் வியர்வை.

“என்னாச்சுங்கண்ணா?”

“நான் சொல்றது எதுவும் அதுக்குக் காதுலயே ஏறலீங்க மேடம்.”

“அதுக்கா, உங்களுக்கா?”

சென்னியப்பன் அங்கே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார்.

பெனாசிரும் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஷாஃப்ட்டுக்குள்ள வேலை செய்யறப்ப எப்படிப் பேசிக்குவீங்க?”

ஷாஃப்ட் என்பது லிஃப்ட் ஏறி இறங்கும் நெட்டுக்குத்தான இடம். அதைப் பற்றிக் கேட்டால் சென்னியப்பனுக்கு முதுகு தானாக நிமிரும்.

“கேபின் மேல ஒருத்தன் நிப்பான். கீழ குழியில ஒருத்தன் இருப்பான். ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது. ‘ஏத்தலாமா?’ம்பான் மேல இருக்கறவன். கீழ இருக்கறவன் ‘ஏத்தலாம்!’னு திருப்பிச் சொல்லோணும். அந்த வார்த்தை திரும்பி வராம ஒரு சாண் கூட நகத்த மாட்டோம். நகத்துனா அவன் கையோ காலோ போயிரும்.”

“முதலாளி கீழ நின்னா? ‘ஏத்தலாமுங்களா’ம்பீங்களா?”

“ஷாஃப்ட்டுக்குள்ள மரியாதை கிடையாதுங்க. வார்த்தை நீண்டா எதிரொலிச்சுக் கொழம்பிரும். முதலாளி என்ன, எங்கய்யனே நின்னாலும் ‘ஏத்தலாமா’தான்.”

“நிஜமாவே காதுல விழுந்துச்சான்னு எப்படித் தெரியும்?”

“திருப்பிச் சொல்ற குரல்லயே தெரியுமுங்க. சும்மா சொல்றவன் குரல் வேற.”

பெனாசிர் எழுந்து போய்விட்டார். மறுநாள் சென்னியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது திரையில் மார்க் போடும் இடம் காலியாக இருந்தது.

“மேடம், மார்க்கக் காணோமுங்க.”

“உங்க பயிற்சிக்கு வேண்டாம்னு எடுத்துட்டேன். இனிமே நேராப் பேசாதவங்களா வரச் சொல்லியிருக்கேன்.”

அன்றிலிருந்து ஏஐ வேறு மாதிரி வந்தது. அழுதுகொண்டே மகனுக்குப் போன் போடச் சொல்லும் தாத்தா. எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்கிற பெண். சென்னியப்பன் தடுமாறினார், திட்டினார், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஏஐ சலிக்காமல் மறுபடி முதலிலிருந்து மாட்டிக்கொண்டது. ஒரு நாள் பெனாசிர் அந்தப் பக்கமாகப் போனபோது, சென்னியப்பன் தாழ்ந்த குரலில் ஏஐயிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “இப்ப நான் குறுக்க எங்கியாச்சும் பேசினனா?”

“ஒரு இடத்தில் பேசினீர்கள்” என்றது அது.

“எங்கேன்னு சொல்லு கண்ணு.”

பெனாசிர் சத்தம் காட்டாமல் தாண்டிப் போனார்.

மாதக் கடைசி நாள் மத்தியானம் மணி அடித்தது. மற்றவர்கள் வேறு அழைப்புகளில் இருந்தார்கள். சென்னியப்பன் எடுத்தார்.

மறுமுனையில் ஒரு அம்மாள் மூச்சு வாங்கினார். கூடவே இரும்பு கிறீச்சிடும் சத்தம். அந்தச் சத்தம் சென்னியப்பனுக்கு நன்றாகத் தெரியும். கதவைக் கையால் பிளக்கும் சத்தம் அது. பாதி வழியில் நிற்கும் லிஃப்ட்டிலிருந்து அப்படி வெளியே இறங்கப் பார்த்தவர்கள் சிலரைக் குழியிலிருந்து தூக்கியவர் அவர்.

பழைய சென்னியப்பனாக இருந்தால் கட்டிடமே அதிரக் கத்தியிருப்பார். தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“கதவு தொறந்துருச்சு. வெளிச்சம் தெரியுது. நான் குதிச்சிர்றேன்” என்றார் அந்த அம்மாள்.

“வெளிச்சம் தெரியுதுங்களா?”

“ஆமா, தெரியுது.”

“எங்கீங்க தெரியுது? தலைப்பக்கமா, கால்பக்கமா?”

“கால்கிட்ட.”

“கால்கிட்ட. அப்ப நீங்க மாடித் தரைக்கு மேல தள்ளி நிக்கறீங்கம்மா. அந்த வெளிச்சத்துக்கு உள்பக்கமா, கேபினுக்கு அடியில பள்ளம் இருக்குதுங்க. இருட்டா இருக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அதுக்குள்ளயே கெடந்தவன்.” கொஞ்சம் நிறுத்தினார். “கைய எடுத்தரலாமுங்களா?”

சென்னியப்பன் காத்திருந்தார். பெனாசிர் ஒரு மெக்கானிக்கை அனுப்பிவிட்டுத் தன் இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“எடுத்தரலாம்” என்றது குரல். கிறீச்சென்று கதவு மூடிக்கொண்டது.

“எடுத்துட்டீங்க. நல்லதுங்கம்மா. எங்காளு கிளம்பிட்டான். அது வரைக்கும் நான் லைன்லயேதான் இருப்பேன்.”

அதற்குப் பிறகு வெகுநேரம் சென்னியப்பன் ஒன்றும் பேசவில்லை. காதில் போனை வைத்தபடி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் போய்ச் சேர்ந்து, லிஃப்ட்டை மாடிக்குச் சரியாகக் கொண்டுவந்து, அந்த அம்மாள் வெளியே காலை வைத்த பிறகுதான் போனை வைத்தார்.

நிஜ அழைப்புகளுக்கு மார்க் தானாக வந்துவிடும். அதைப் பெனாசிராலும் நிறுத்த முடியாது. திரையில் வந்தது. பாதி கூட இல்லை. ‘ஆறுதல் வாக்கியங்கள் இல்லை. அழைப்பில் நீண்ட மௌனம் உள்ளது’ என்று கீழே எழுதியிருந்தது.

சென்னியப்பன் அதைப் படித்தார். டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“நான் கிளம்பறனுங்க மேடம்.”

“ஒரு நிமிஷம் இருங்கண்ணா.” பெனாசிர் அந்த அழைப்பின் பதிவை ஏஐக்கு மறுபடி கேட்கக் கொடுத்தார். பிறகு அதனிடம் கேட்டார்: “அந்த நீண்ட மௌனத்துல இவர் என்ன செஞ்சுட்டிருந்தார்?”

ஏஐ யோசித்தது. “எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளின் குரல் மெல்லியதாகக் கேட்கிறது, சொற்கள் பிடிபடவில்லை. அவர் எதற்காகவோ காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவரிடமே கேளுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.”

பெனாசிர் திரும்பினார். “அதுவும் கேக்குதுங்கண்ணா. சொல்லுங்க.”

சென்னியப்பன் பையின் வாரைப் பிடித்தபடி நின்றார்.

“அந்தம்மா ஜெபமாலை சொல்லிட்டிருந்தாங்க. நடுவுல நான் புகுந்து ஆறுதல் சொன்னா, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமில்லீங்களா? முடியட்டும்னு இருந்தேன். மணி உருட்டற சத்தம் நின்னா மட்டும் பேசலாம்னு காதக் குடுத்துட்டிருந்தேன்.”

பெனாசிர் பெருமையில் நெஞ்சு விம்மி, அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுத்த மணி அடித்தது. அவரே எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். லிஃப்ட் இருந்தது. இன்றைக்கு அவருக்கு அதில் ஏறத் தோன்றவில்லை.

கீழே வந்தும் வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. மாடிப்படிகள் சுற்றிச் சுற்றி ஏறும் நடு இடைவெளியில் நின்று மேலே பார்த்தார். ஷாஃப்ட்டுக்குள் நின்று பார்க்கிற மாதிரியே இருந்தது. மேலே யார் முகமும் தெரியவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்குப் போனால் ராத்திரி சோறு இறங்காது.

வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்.

“நாளைக்கு வரலாமா?”

கத்திய பிறகுதான் ‘ங்க’ போட மறந்தது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது. வேகமாகக் காலடிச் சத்தம். கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த பெனாசிர், அவரைப் போலவே வாயருகே கையைக் குவித்துக்கொண்டார்.

“நாளைக்கு வரலாம்!”