இரைச்சல் என்று நீக்கியவை

"நீங்களும் கை தட்டினீங்களே மேடம்!"

ததேயூஸ் கதவைக்கூடத் தட்டவில்லை. அவன் உள்ளே வந்த வேகத்தில் நாற்காலி ஒன்று சுவரில் போய் இடித்தது.

பேராசிரியை மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவனுடைய ஆய்வுக்கு அவர்தான் வழிகாட்டி. ஆனால் வயதில் அவனைவிட இளையவர். பல வருஷம் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆய்வுக்கு வந்தவன் ததேயூஸ்.

"தட்டினேன்" என்றார்.

"எப்படி மேடம் தட்டினீங்க?"

"பேச்சு நல்லா இருந்துச்சு. தட்டினேன்."

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலைக் கருத்தரங்கில் பேசியவர் டாக்டர் இளங்குமரன். புயல் நேரத்தில் மீனவர்கள் உதவி கேட்டு அழைத்தால், அவர்கள் பேசுவதைக் கணினியே கேட்டு, எழுத்தாக்கி, மீட்புப் படைக்கு அனுப்பிவிடும். அதற்கான மென்பொருள் அவருடையது. கடலோரத்தில் ஊர் ஊராகப் போய், ஆபத்தில் சிக்கினால் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று பேசச் சொல்லிப் பதிவு செய்து, அந்தக் குரல்களைக் கொடுத்துக் கணினியைப் பழக்கியிருந்தார்கள்.

தெற்குக் கோடியிலிருந்து வந்த குரல்கள் மட்டும் கணினிக்குப் பிடிபடவில்லை.

"அதெல்லாம் இரைச்சல். நீக்கிட்டோம். நீக்கினதும் துல்லியம் எங்கேயோ மேல போயிடுச்சு" என்று சொல்லி, திரையில் மேலே ஏறும் கோட்டைக் காட்டினார் இளங்குமரன். நீக்கியதில் ஒன்றை மாதிரிக்குப் போட்டும் காட்டினார். யாரோ ஒரு பெரியவரின் குரல். அதைக் கேட்டுக் கணினி எழுதியிருந்தது: 'வெல்லம் கேக்குது, பூனை பேரு வண்டு.'

அரங்கமே குலுங்கிச் சிரித்தது.

ததேயூஸ் சிரிக்கவில்லை. அது அவன் ஊர்ப் பேச்சு. அவன் அண்ணன் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவன்.

"நீங்க எழுந்து கேள்வி கேட்டீங்களே" என்றார் மங்கையர்க்கரசி.

"கேட்டேன். வட்டார வழக்குகளின் சமமின்மையை எப்படிக் கையாளுகிறீர்கள்னு கேட்டேன். நல்ல கேள்வி, எதிர்காலத்துல செய்வோம்னார். உட்கார்ந்துட்டேன். எதிர்காலமாம்! அதுவரைக்கும் புயல் அடிக்காம இருக்குமா மேடம்? வீடு தேடிப் போய்ப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணிக்கிட்டு, அந்தக் குரலையே தூக்கிக் குப்பையில போட்டுட்டு, அதே ஆளுங்களைக் காப்பாத்தப் போறோம்னு மேடை ஏறி நிக்கிறாங்க. வெட்கமா இல்ல?"

"எனக்கும் அது இரைச்சலாத்தான் கேட்டுச்சு."

"மேடம்!"

"நான் ஈரோட்டுக்காரி. ஒரு சொல்லும் புரியல. அந்தப் பெரியவர் என்னதான் சொன்னார்?"

ததேயூஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. மூன்று பேர் இருக்கிறோம். விரைந்து வாருங்கள்."

"அப்படியா சொன்னார்?"

"ஆமாம்."

"இப்படியேவா சொன்னார்?"

அவன் சொன்னது புத்தகத் தமிழ்.

கல்லூரியில் படிக்கச் சேர்ந்த புதிதில் அவன் பேச்சைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். அன்றோடு அந்தப் பேச்சை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டு வரப் பழகியவன் அவன். பஸ் ஏறினால் ஒரு பேச்சு, இறங்கினால் ஒரு பேச்சு. அவன் பிள்ளைகளுக்கு ஊர்ப் பேச்சே தெரியாது.

மங்கையர்க்கரசி எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தார்.

வெளியே வராந்தாவில் டீயும் பிஸ்கட்டுமாக இளங்குமரன் நின்றிருந்தார். சுற்றிலும் பேராசிரியர்கள்.

"அந்தப் பெரியவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க, ததேயூஸ்."

"இங்கேயா?"

"சத்தமா."

அவன் வராந்தாவைப் பார்த்தான். மங்கையர்க்கரசியைப் பார்த்தான். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

ததேயூஸ் வாசலுக்கு வந்தான். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"வள்ளத்துல வெள்ளம் கேறுது! மூணு பேரு உண்டு! வேகம் வாங்க மக்கா!"

வராந்தாவில் பேச்சு நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இளங்குமரன் கையில் கோப்பையோடு திரும்பினார்.

"என்ன சார்? ஒண்ணும் புரியலையே. கொஞ்சம் நிதானமா, தெளிவாச் சொல்லுங்களேன்."

ததேயூஸ் நேரே அவர் முன்னால் போய் நின்றான்.

"வள்ளம் முங்குது ஓய்! நிதானமாட்டு பேசதுக்கு எங்க ஓய் நேரம் கெடக்கு?"