கருடனும் பாறும்

"ஏனுங்கம்மா, பாறுக் கழுகுக இப்பிடி அழிஞ்சுட்டு வருதே, நாம என்னதான் பண்ண முடியும்?" என்று கேட்டார் குணசீலன்.

மாயாற்றங்கரை ஆசிரமத்தின் கிழட்டுப் பசு செவலை அன்று காலை இறந்துபோயிருந்தது. அதைப் புதைக்கத்தான் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

குரு நீலாம்பிகை அம்மா குழியை எட்டிப் பார்த்தார். சீடரான குணசீலனைவிட அவர் வயதில் இளையவர். குணசீலனோ கல்லூரியில் விலங்கியல் நடத்திவிட்டு வந்தவர். வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்கு இன்னும் கைவரவில்லை.

தலைக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. குணசீலன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "கருடா, கருடா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கருடனும் பாறும் ஒரே குடும்பந்தானுங்க. இது ஆறு, குளம்னு தண்ணிப் பக்கம் மீன் புடிச்சுப் பொழைச்சுக்குது. எங்க போனாலும் பார்க்கலாம். பாறு செத்ததைத்தான் திங்கும். ஆத்தோர மருத மரத்துல கூடு கட்டும். பிணந்தின்னிக் கழுகுன்னு ஊரே மூஞ்சியச் சுளிக்குது. மிச்சம் கொஞ்சந்தானுங்க. பூண்டோட போயிருமோன்னு பயமா இருக்குது."

"ஏன் போகுது?"

"மாட்டுக்கு வலி ஊசி போடறாங்க. அந்த மாடு செத்து, அதைத் தின்னா பாறும் செத்துருது. ஊசி போடாத மாட்டையும் நாம புதைச்சுப்புடறோம். பட்டினிதா..."

பேச்சு பாதியில் நின்றது.

"செவலைக்கு ஊசி போட்டீங்களா?"

"இல்லீங்க. வயசாயி, தூக்கத்துலயே போயிட்டா."

அம்மா ஆற்றுப் பக்கம் திரும்பினார். மருத மரத்து உச்சியில் பாறுகள் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

குணசீலன் செவலையைப் பார்த்தார். அந்தப் பசுவுக்குத் தன் கையால் கஞ்சி ஊட்டியவர் அவர்.

"அம்மா, மஞ்சத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, மாலையெல்லாம் போட்டு வெச்சிருக்கேனுங்க. அவளைப் போயி பாறுக கொத்த உடறதா? மனசு கேக்குமா?"

"என்ன பண்ணலாம்னு கேட்டது நீங்கதானுங்களே."

அவருக்குக் கோபம் வந்தது. அம்மாவிடம் ஏன் கேட்டோம் என்றிருந்தது. செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொம்பைத் தடவினார். வெட்கப்படாமல் அழுதார்.



கொஞ்ச நேரம் கழித்துக் குணசீலன் மாலையைக் கழற்றி, கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்தார்.

"ஆத்தோரத்துப் பாறை வரைக்கும் இவளைத் தனியா இழுக்க முடியாதுங்கம்மா," என்றார். "ஒரு கை பிடிங்க."