மருதமரக் கிளையில் தொங்கிய கவசம்

"கந்தை வருகிறது, கவசம் வர மறுக்கிறது. இது என்ன நியாயம், தாயே?"

கேட்டவர் வெண்காடர். ஒரு காலத்தில் படைத்தலைவர். தலை நரைத்த பிறகு, உருமாறும் வித்தையைக் கற்க வேண்டிப் பெருங்கோதை அம்மையின் ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். அம்மை வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் அம்மையின் முன் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தக் கந்தை?" என்றார்.

"இடுப்பில் கட்டியிருக்கிறேனே, இந்த ஒட்டுப்போட்ட துண்டு. மானானாலும் பருந்தானாலும் உடம்போடு ஒன்றிவிடுகிறது. மனிதனாக மீண்டால் கட்டியபடியே இடுப்பில் இருக்கிறது. கவசமோ, உரு மாறத் தொடங்கியதுமே கழன்று விழுகிறது."

உருமாறுகிறவர் அணிந்திருப்பவற்றுக்கு மூன்று கதி உண்டு. சில உதிரும். சில உடம்புக்குள் ஒன்றிப்போகும், ஒன்றியதற்கு எடையில்லை. சில, புதிய உடம்பின்மேல் அப்படியே நிற்கும்.

வெண்காடர் முதன்முதல் மானான அன்று அவருடைய தலைப்பாகை கொம்பில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி ஆசிரமம் சிரித்தது.

உதிர்ந்ததைக் கண்டவர் எடுத்து முற்றத்து மருதமரத்தில் மாட்டி வைப்பது அவ்விடத்து வழக்கம். தாழ்ந்த கிளை ஒன்று, நெடுநாளாக வெண்காடரின் கவசத்துக்கென்றே ஆகிவிட்டது.

"மானுக்கு எதற்கு ஐயா கவசம்?" என்றாள் உய்யவந்தாள். அவளும் மாணவிதான், மான் உரு மட்டும் கைவந்தவள். கவசத்தை எடுத்து மாட்டுவது பெரும்பாலும் அவள் பொறுப்பாகவே அமைந்தது. "புலி வந்தால் போர் தொடுக்கவா போகிறீர்?"

"உனக்குப் புரியாது, அம்மா."

"மாட்டி மாட்டி என் தோள் நோகிறது. அது எனக்கு நன்றாகப் புரிகிறது."

வெண்காடரின் கை கவசத்தின்மேல் போயிற்று. அது அவருடைய தம்பியின் கவசம். தமையனை நோக்கி வந்த வேலைக் குறுக்கே பாய்ந்து தன் மார்பில் ஏற்றவன் அவன். வேல் நுழைந்த துளை இன்னும் அதில் இருந்தது. உறங்கும்போதும் வெண்காடர் அதைக் கழற்றுவதில்லை.

அம்மையின் இடத்தோளில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. மழையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்திருந்தது. முறிந்த தோளோடு பறவையானால் முறிந்த சிறகுதான் கிடைக்கும்.

வெண்காடர் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காயம் எந்த உருவிலும் கூடவே வருகிறது. காக்க வேண்டிய கவசம் வருவதில்லை."

அம்மை கீரைக்காம்பு ஒன்றை ஒடித்துப் போட்டார்.

"பெருமான் வராகமாகி வந்தானே, தாயே. அப்போது ஆழியும் சங்கும் எங்கே போயின? உதிர்ந்தனவா? ஒன்றினவா? கையே இல்லாத உருவில் எதில் ஏந்தியிருந்தான்?"

அம்மை இப்போது நிமிர்ந்தார்.

"நல்ல கேள்வி."

"விடை?"

"மண்மகளை வெள்ளத்திலிருந்து ஏந்தி வந்த நேரம் அது. அவனைத்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் அவனுக்கு நினைவிராது."

வெண்காடர் வணங்கி விலகினார். விடை கிடைத்ததா, விலக்கப்பட்டோமா என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஆறு கரைமீறி வந்தது.

ஒரு நண்பகலில் ஓடக்காரன் பூதனின் மனைவி கோடரியும் கையுமாக முற்றத்துக்கு ஓடி வந்தாள். பூதன் ஆற்றிடைத் திட்டில் அகப்பட்டுக்கொண்டான். மரம் ஒன்று அவன்மேல் சாய்ந்து, அதன் கிளை அவன் தோளைப் பாறையோடு சேர்த்து அழுத்திவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

"ஓடம் போகாது, தாயே. போட்ட ஓடம் உடைந்தே போயிற்று. அந்த ஒரு கிளையை வெட்டினால் போதும். வெட்டத்தான் அங்கே ஆளில்லை."

அனைவரும் கரைக்கு ஓடினார்கள். அம்மையும் தோளைப் பிடித்தபடி வந்தார்.

பறக்கும் உரு கைவந்தவர் அங்கே இருவர். ஒருவருக்குத் தோள் முறிந்திருந்தது.

வெண்காடர் கோடரியை வாங்கினார். பருந்தின் கால் அந்த இரும்பைத் தாங்காது. உடம்போடு ஒன்றினால்தான் ஆற்றைக் கடக்கும். இடுப்பில் வைத்துக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். கண்ணை மூடினார்.

பருந்து எழுந்தது.

கோடரி மணலில் விழுந்தது. அதன்மேல் கவசம் விழுந்து கணகணத்தது.

பருந்து வட்டமிட்டு இறங்கி வெண்காடராயிற்று. உய்யவந்தாள் இந்த முறை நகைக்கவில்லை. கவசத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் பழக்கத்தால் அணிந்துகொண்டார். கோடரியை முன்னிலும் இறுக்கிக் கட்டினார். அது வரவேண்டும், வரவேண்டும் என்று மனத்துக்குள் உருவேற்றினார்.

மறுபடியும் கோடரி விழுந்தது. மறுபடியும் கவசம் விழுந்தது.

"இன்னொரு கயிறு கொண்டு வா," என்றார் உய்யவந்தாளிடம். "குறுக்கே கட்டிப் பார்க்கிறேன். முடிச்சில்தான் பிழை."

கவசத்தை அணிந்து, கோடரியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். கை முடிச்சின்மேலேயே இருந்தது.

"வெண்காடரே," என்றார் அம்மை.

"இதோ, தாயே. ஆயிற்று. இந்த முடிச்சு ஒன்றுதான்."

"எனக்குக் கண் எட்டவில்லை. பூதனுக்குத் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது? பார்த்துச் சொல்லும்."

வெண்காடர் தலை தூக்கினார். வந்ததிலிருந்து அவர் ஆற்றின் பக்கம் பார்க்கவே இல்லை.

செந்நீருக்கு நடுவே பாறை தெரிந்தது. பாறையில் ஒரு கரிய உடம்பு. மிதந்து வந்த குப்பையை ஒற்றைக் கையால் முகத்திலிருந்து விலக்கிக்கொண்டிருந்தது.

"மார்பு வரை, தாயே."

"நம்மைப் பார்க்கிறானா?"

"இல்லை. அவன்... மனைவி நிற்கும் இடத்தைப் பார்க்கிறான். கையை ஆட்டுகிறான்."

"வா என்கிறானா?"

"இல்லை, தாயே. போ என்கிறான். பார்க்காதே, வீட்டுக்குப் போ என்கிறான்."

ஆற்றுநீர் கரையில் இன்னும் ஏறியது.

"இப்போது எதுவரை?"

"கழுத்து..."

சொல்லை முடிக்க அவர் அங்கே இல்லை.

தலைக்குமேல் சிறகோசை கேட்டது. உய்யவந்தாள் குனிந்து மணலைப் பார்த்தாள். பிறகு அம்மையைப் பார்த்தாள். அம்மை கண்களை மூடியிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

எதிர்த்திட்டிலிருந்து கோடரியின் ஓசை வந்தது. நீரோசைக்கு நடுவே விட்டு விட்டு வந்தது. பூதனின் மனைவி ஒவ்வொரு ஓசைக்கும் ஒருமுறை கைகூப்பினாள்.

பின்பு ஓசை நின்றது. கிளை ஒன்று தனியே சுழன்று ஆற்றோடு போயிற்று. பாறை உச்சியில் இரண்டு உருவங்கள் ஏறி அமர்ந்தன. ஒன்று மற்றொன்றைத் தாங்கிப் பிடித்திருந்தது.

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள்.

வெயில் தாழ்ந்தபோது பருந்து திரும்பி வந்து முற்றத்தில் இறங்கியது. வெண்காடர் சேறும் மரச்சிராயுமாக எழுந்து நின்றார். உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. உய்யவந்தாள் வெந்நீர்ச் செம்பை நீட்டினாள்.

"எப்படி இருக்கிறான்?" என்றார் அம்மை.

"பிழைத்தான், தாயே. தோள் வீங்கியிருக்கிறது, எலும்பு ஒடியவில்லை. உச்சிப் பாறைக்கு வெள்ளம் எட்டாது. விடிந்தால் நீர் வடியும் என்கிறான். ஆற்றை அறிந்தவன் சொல்கிறான்."

"கிளை தோளோடு ஒட்டித்தானே கிடந்தது? கோடரி அவன்மேல் படவில்லையா?"

"அதற்குத்தான் அஞ்சினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒன்றைக் கழற்றிக் கிளைக்கும் தோளுக்கும் நடுவே செருகினேன். இரண்டு வெட்டு அதன்மேல் விழுந்தன. அவன்மேல் ஒரு கீறலும் இல்லை."

"எதைக் கழற்றினீர்?" என்றாள் உய்யவந்தாள்.

வெண்காடர் வாய் திறந்தார்.

கை தானாக மார்புக்குப் போயிற்று. அங்கே ஈரத்தோல்தான் இருந்தது.

மெல்லத் திரும்பி மருதமரத்தைப் பார்த்தார்.

கிளையில் ஒன்றும் இல்லை.