இரண்டு பாட்டில் தண்ணீர்

மணவிளைப் பெண்கள் கபடி அணிக்குச் செலின் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். வயது முப்பத்து நான்கு. அவரிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. ஒரு வேலைதான் வரும்.

ஒருமுறை ஒரு பெண், "ரெய்டு போனா எப்பக்கா திரும்பி வரணும்?" என்று கேட்டாள். செலின் அவளை ஒரு வாரம் களத்துக்குள்ளேயே விடவில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். வாரம் முடிந்ததும் அவள் ஆட வந்தாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

அணியில் சண்முகக்கனியும் உண்டு. எல்லாருக்கும் கனி. பிளஸ் டூ முடித்தவள், கால் வேகம் உள்ளவள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை மூன்று முறை ரெய்டு போய், மூன்று முறையும் நடுக்கோட்டைத் தாண்டியதுமே பிடிபட்டாள்.

செலின் விசில் ஊதினார்.

"ஏட்டி, ஒடம்பு இங்க இருக்கு. மனசு எந்த பஸ்ல போயிட்டு இருக்கு?"

கனி மணலைக் காலால் கிளறினாள். நிற்க முடியவில்லை அவளால். உட்காரவும் முடியவில்லை. நான்கு நாளாக இப்படித்தான்.

"அக்கா, நம்ம மாநிலப் பல்கலைக்கழகத்துல எனக்கு நிலவியல் சீட்டு வந்திருக்கு. மண்ணு, பாறை, தண்ணி எல்லாம் படிக்கிற படிப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 'ஏற்கிறேன்'னு பட்டனை அமுக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"அமுக்கிரு."

"வெளிமாநிலத்துல ஒரு தனியார் பல்கலைக்கழகத்துலயும் அதே படிப்பு கிடைச்சிருக்கு. அதுக்கும் வியாழக்கிழமைதான் கடைசி."

"அப்ப அதை அமுக்கு."

"அக்கா!"

"சரி, இதுவரை யார்கிட்ட எல்லாம் கேட்ட?"

"பதினாலு பேர்கிட்ட. ஏழுக்கு ஏழுல நிக்குது. அப்பா, மாமா, கெமிஸ்ட்ரி மிஸ், என் ஃபிரண்டு ஜெபஸ்டினா..." விரலை மடக்கிக்கொண்டே போனவள் கடைசி ஆளில் தயங்கினாள். "பதினாலாவது, பஸ் கண்டக்டர்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"கண்டக்டர் என்ன சொன்னாரு?"

"உள்ள தள்ளி நில்லுன்னாரு."

"அதை எந்தப் பக்கம் சேத்த?"

"நம்ம பல்கலைக்கழகத்துக்கு. அவரு பஸ்தான் அந்த வழியா போகுது."

இப்போது கனிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"ஜெபஸ்டினா வெளிய போறா. என் கூடப் படிச்ச பாதிப்பேரு வெளிய போறாங்க. நான் ஒன்றரை மணி நேரம் பஸ்ல போய், ஒன்றரை மணி நேரம் திரும்பி வந்து, கடைசியில இங்கேயே கிடந்துட்டேன்னு ஆயிருமோன்னு பயமா இருக்கு. சரி, வெளிய போவோம்னு நெனச்சா, தப்பான எடத்துல மாட்டிக்கிடுவேனோன்னு அது ஒரு பயம். உங்க ஓட்டுதான் பாக்கி. எது எனக்குச் சரியா வரும்? சொல்லுங்க."

செலின் களத்தோரம் இருந்த குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினார்.

"சின்ன வயசுல இருந்து கேட்டு, யாரும் பதில் சொல்லாத கேள்வி ஒண்ணு உனக்கு இருக்கா?"

கனி தண்ணீரைக் குடித்தாள். தம்ளரைப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணிதான்."

"தண்ணிக்கு என்ன?"

"இது எங்க எதிர்வீட்டுக் கிணத்துத் தண்ணி. நாங்க குடிக்கிறது இதைத்தான். எங்க வீட்டுக் கிணறு ஒரே உப்பு, வாயில வைக்க முடியாது. நடுவுல இருபதடித் தெருதான் இருக்கு. ஏன் அப்படின்னு கேட்டா எங்க அப்பா, 'அது அப்படித்தான்'ங்காரு."

"நாளைக்கு ரெண்டு பாட்டில் எடு. ஒண்ணுல உங்க தண்ணி, ஒண்ணுல அவங்க தண்ணி. ரெண்டு எடத்துக்கும் போ. இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுட்டு வா."

"ஹாஸ்டல், வேலைவாய்ப்பு இதெல்லாம் கேக்க வேண்டாமா?"

"அதைத்தான் பதினாலு பேரு சொல்லிட்டாங்களே."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கனி டவுனில் இருந்தாள். தனியார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. டை கட்டிய இளைஞர் ஒருவர் எழுந்து நின்று வரவேற்று, குடிக்க ஜூஸ் கொடுத்தார்.

கனி இரண்டு பாட்டிலையும் மேசைமேல் வைத்தாள்.

"தண்ணியைப் பத்திக் கவலையே வேண்டாம் சிஸ்டர்," என்றார் அவர். "நம்ம ஹாஸ்டல்ல ஒவ்வொரு மாடியிலயும் ஆர்.ஓ. இருக்கு."

"அது இல்ல சார். இது ஏன் உப்பா இருக்கு, அது ஏன் நல்லா இருக்குன்னு..."

"சூப்பர் கேள்வி! இந்த மாதிரி ஸ்டூடன்ட்ஸைத்தான் நாங்க தேடுறோம். அங்க புரொபசர்கள் எல்லாம் வெளிநாட்டுல படிச்சவங்க. எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பாங்க."

"இப்ப போன்ல கேக்க முடியுமா சார்?"

"சேர்ந்துட்டா தினமும் கேக்கலாமே!"

அவர் நல்ல மனிதர். வழியனுப்ப மாடிப்படிவரை வந்தார். படம் போட்ட ஒரு பை கொடுத்தார். கனிக்கு அந்தக் குளிர்ச்சியும் பிடித்திருந்தது, பையும் பிடித்திருந்தது. தெருவில் இறங்கும்போது மனக்கணக்கு தனியாருக்குச் சாதகமாக எட்டுக்கு ஏழு.

மதியம் ஒரு மணிக்கு மாநிலப் பல்கலைக்கழக வாசலில் காவலாளி அவளை நிறுத்தினார். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தண்ணி அண்ணாச்சி."

"அது?"

"அதுவும் தண்ணிதான்."

"ரெண்டும் தண்ணின்னா எதுக்கு ரெண்டு பாட்டில்?"

"அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலால் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிலவியல் துறையின் நடைபாதையில் மர அடுக்குகள் நிறையப் பாறைத் துண்டுகள் இருந்தன. பாறைமேல் தூசி, தூசிமேல் யாரோ விரலால் எழுதிய பெயர்கள். கனிக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

கடைசி அறையில் வேலாயுதம் என்ற பேராசிரியர் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அட்மிஷன்னா கீழ போம்மா."

"அட்மிஷன் இல்ல சார். தண்ணி."

கனி கேள்வியைச் சொன்னாள். அவர் சாதத்தை மூடி வைத்தார். கை கழுவி வந்து, ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து உப்பு அளக்கும் கருவி ஒன்றை எடுத்தார். அதில் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. நாற்காலிமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதன் பேட்டரியை எடுத்துக் கருவியில் போட்டார். கனி வீட்டுப் பாட்டிலில் மூவாயிரத்து இருநூறு காட்டியது. எதிர்வீட்டுப் பாட்டிலில் நானூற்று ஐம்பது.

"இருபது அடியில இவ்வளவா?" என்றார். "உங்க கிணறு எத்தனை அடி ஆழம்?"

"தெரியாது சார்."

"எதிர்வீட்டுக் கிணறு?"

"தெரியாது."

"எது முதல்ல வெட்டினது?"

"எங்களதுன்னு நினைக்கேன்."

"நினைக்கியா? சரி, எதிர்வீட்டுல எத்தனை பேர்?"

"யாரும் இல்ல சார். மும்பைக்குப் போயிட்டாங்க. தெருக்காரங்கதான் வாளி போட்டு இறைச்சுக்கிடுவோம்."

"மோட்டார்?"

"அங்க கிடையாது."

"உங்க வீட்டுல?"

"உண்டு சார்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கனிக்கு நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது.

"மோட்டார் போட்டு இழுக்கிறதாலயா சார்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தத் தெருவுல மத்த கிணறெல்லாம் எப்படி?"

"தெரியாது சார்."

"எத்தனை வருஷமா அங்க இருக்க?"

"பொறந்ததுல இருந்து. பதினெட்டு வருஷம்."

"பதினெட்டு வருஷமா உனக்கு ஒரு கயிறு கிடைக்கலையா?"

கனிக்கு முகம் சுட்டது.

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். ஏன் உப்பு?"

"தெரியாது."

"நீங்க பேராசிரியர்தானே?"

"பொதுவா நாலு காரணம் சொல்லலாம். அதுல எது உங்க தெருவுக்குப் பொருந்தும்னு எனக்குத் தெரியாது."

வெளியே மணி அடித்தது. அவர் வகுப்புக்கு எழுந்தார். அவள் பெயரைக் கேட்கவில்லை. "பாட்டில் ரெண்டும் இங்கேயே இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் கனி கோபத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதுக்கு ஏழு. பத்துக்கு ஏழு. அதற்குமேல் கணக்கு ஓடவில்லை. எதிர்வீட்டுக் கிணறு எத்தனை அடி இருக்கும் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மாலை பயிற்சி நான்கு மணிக்குத் தொடங்கியது. கனி வரவில்லை. நாலரை தாண்டித்தான் ஓடி வந்தாள். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. தோளில் கயிறு, கையில் ஒரு நோட்டு.

வந்ததும் கொட்டித் தீர்த்தாள்.

"அக்கா, அங்க கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஆபீஸ்ல ஆளு இல்ல. பாறை எல்லாம் தூசி. அந்தப் பேராசிரியரு எதைக் கேட்டாலும் தெரியாதுங்காரு. கூடவே எனக்கு ஏச்சு வேற. டவுன்ல அந்த டை கட்டின சார் எவ்வளவு மரியாதை தெரியுமா? அங்க எல்லாத்துக்கும் பதில் இருக்கு."

"கயிறு எதுக்கு?" என்றார் செலின்.

"எது?"

"தோள்ல கெடக்கே."

கனி அப்போதுதான் கயிற்றைக் கவனித்தவள்போலத் தொட்டுப் பார்த்தாள்.

"அதுவா? கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பாத்தேன். எங்க கிணறு முப்பத்து நாலடி, எதிர்வீடு இருபத்திரண்டுதான். சரி, ரெண்டைப் பாத்து என்ன ஆகும்னு தெருவுல இருக்கிற ஏழு கிணத்தையும் அளந்துட்டேன். ராசாத்தி மதினி வீட்டு நாயி விரட்டிக்கிட்டு வந்துச்சு. மோட்டார் இல்லாத மூணும் நல்ல தண்ணிக்கா. மோட்டார் இருக்கிற நாலுல மூணு உப்பு. இத்தோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். ஆனா கடைசி வீட்டுல மோட்டாரும் இருக்கு, தண்ணியும் நல்லா இருக்கு. எங்களதைவிட ஆழம் வேற! அங்கதான் இடிக்குது. அடியில மண்ணு வேறயா இருக்குமோ? அந்தக் கிணத்தை வெட்டினவரு பக்கத்து ஊருலதான் இருக்காராம். அவரைப் பிடிச்சுக் கேட்டா..."

"மணி நாலு அம்பது," என்றாள் களத்தில் நின்ற ஒருத்தி.

கனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். திரையில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இரண்டு பட்டன்கள். ஏற்கிறேன். மறுக்கிறேன்.

"அக்கா, இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு எடத்துலயும் கேட்டுட்டு வந்துட்டேன். இப்பவாவது சொல்லுங்க. நான் எங்க சேரட்டும்?"

செலின் நோட்டை வாங்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். வீடு, ஆழம், மோட்டார், ருசி. ஒவ்வொன்றிலும் கனியின் கையெழுத்து. அவர் விரல் கடைசி நெடுவரிசையில் வந்து நின்றது.

"இது மட்டும் ஏழு வீட்டுக்கும் காலியா இருக்கே?"

"அது இப்ப அளக்க முடியாதுக்கா. மழை பெய்ஞ்சு முடிஞ்சப்புறம் அளக்கணும். டிசம்பர்ல. மழைத்தண்ணி இறங்கினா எது மாறுது, எது மாறலன்னு பாக்கணும்ல?"

"அந்தப் பேராசிரியர் போடச் சொன்னாரா?"

"இல்லக்கா. நானாத்தான் போட்டேன்."

செலின் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார்.

"டிசம்பர்ல இங்க இருந்து இதை யாரு அளக்கப்போறா?"