ஒரு பானை, மூன்று வாக்கு

கும்பெனி ஆட்சிக் காலத்தில், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று எழும்பியது. எழும்பியது என்றால், பனையோலைக் கூரை, மணல் தரை, பதினொரு பிள்ளைகள், அவ்வளவுதான். கட்டியவர் வெள்ளைக்காரப் பாதிரியான துரை. நடத்தியவர் அவருக்குக் கீழே வேதம் போதித்த ஞானாபரணம் என்ற உபதேசியார். கீழத்தெருவில் பிறந்து, துரையிடம் எழுத்துக் கற்றவர். யார் முகமும் கோணக் கூடாது என்று நினைக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் எத்தனை பேருக்கு வாக்குக் கொடுப்பார் என்று கேட்கவா வேண்டும்?

பள்ளியில் எல்லாருக்கும் ஒரே பானைத் தண்ணீர் என்றார் துரை. உபதேசியார் சரி என்றார். பள்ளி வளர வேண்டுமே என்று மேலத்தெருவுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டார். "கீழத்தெருக் கை பானையில படக் கூடாது வே. பட்டா எங்க பிள்ளையள அனுப்ப மாட்டோம்" என்றார் பண்ணையார். அதற்கும் சரி என்றார். கீழத்தெருச் சனத்தில் பூவம்மாள் ஒருத்தி, குளத்துக்கு அப்பால் தனிக் குடிசையில் இருந்தாள். அவள் தன் மகள் சந்தோஷத்தை ஒப்படைத்தபோது, "என் பிள்ளையா பாத்துக்கிடுதேன், தாயீ" என்றார்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். பானை ஒன்று. மேலத்தெருக் கைம்பெண் ஒருத்தி மொண்டு ஊற்றுவாள். மேலத்தெருப் பிள்ளைகள் செம்பில் வாங்கிக் குடிப்பார்கள். கீழத்தெருப் பிள்ளைகள் குனிந்து கையேந்திக் குடிப்பார்கள். உபதேசியாரின் மகள் கிருபையும் அந்த வரிசையில்தான் நின்றாள். "ஊத்துனா குடிக்கணும். பானையைத் தொடப்படாது" என்று கிருபை உட்பட அந்த வரிசை முழுவதற்கும் முதல் நாளே சொல்லி வைத்தார். மூன்றே வருடத்தில் பிள்ளைகள் அறுபது. துரைக்கு வாயெல்லாம் பல்.

சித்திரை வெயிலில் அம்மன் கோயில் கொடைவிழா வந்தது. கைம்பெண் காலையிலேயே பானையை நிரப்பிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். மேலத்தெருப் பிள்ளை ஒன்றுகூடப் பள்ளிக்கு வரவில்லை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட வீட்டுக்கு ஓடினார்கள், உபதேசியாரும் போனார். வீடு தொலைவென்று சந்தோஷம் மட்டும் தங்கினாள். அவர் திரும்பி வந்தபோது பானைக்குப் பக்கத்தில் தாகத்தில் மயங்கிக் கிடந்தாள். பானையில் ஒரு வாய்த் தண்ணீர் குறையவில்லை. உபதேசியார் பதறிப்போனார். அந்தப் பதற்றத்திலும் அவர் கை பானைக்குப் போகவில்லை. தன் வீட்டுக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. "எனக்குத் தந்த வாக்கை மட்டும் காத்துல விட்டுட்டீயளே அய்யா" என்று சொல்லி, பூவம்மாள் அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். சந்தோஷம் அதன்பின் பள்ளிப் பக்கம் வரவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மூன்று வாக்கில் ஞானாபரணம் மீறியது எது?

விடை: ஒன்றையும் மீறவில்லை. துரைக்குச் சொன்னபடி பானை ஒன்றுதான். பண்ணையாருக்குச் சொன்னபடி கீழத்தெருக் கை எதுவும் படவில்லை, ஞானாபரணத்தின் கை உட்பட. பூவம்மாளுக்குச் சொன்னபடி, சொந்த மகளுக்குக் கற்றுக்கொடுத்ததையே சந்தோஷத்துக்கும் கற்றுக்கொடுத்தார். பண்ணையாருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதுதான் நியாயமாக இருந்திருக்கும். அதைக் கொடுத்தே இருக்கக் கூடாது. அது ஞானாபரணத்துக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துக் குளத்தைச் சுற்றிப் போய்ப் பூவம்மாள் முன்னால் நின்று, "என் பிள்ளையாத்தான் வச்சிருந்தேன், தாயீ" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வெட்கத்தில் கூனிப்போனார்.