பூஜையறை விண்மீன் மண்டலம்

வானியல் அறிஞர்கள் இரவெல்லாம் தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றொரு நம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. குழந்தைகளின் எதிர்காலத்தை முன்னிட்டு இதை உடனே திருத்தியாக வேண்டும். அவர்கள் பட்டப்பகலில், கணினித் திரைக்கு முன்னால், ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மலைமேல் இருந்த வான் ஆய்வகத்தில் எஸ்தர் டீச்சரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், ஆவுடையப்பன் உள்ளே வந்தபோது. டீச்சருக்கு நாற்பது வயது, மாணவருக்கு அறுபத்தேழு. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். வியாழன்தோறும் பஸ் பிடித்து மலையேறி வந்து பாடம் கேட்கும் ஒரே ஆள்.

அன்று செய்தித்தாள் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, கல்யாணப் பரிசா?”

“நீங்க கொடுத்ததுதான் டீச்சர். திருப்பிக் கொடுத்துரலாம்னு வந்தேன்.”

தாளைப் பிரித்தார். ஒரு விண்மீன் மண்டலத்தின் படம். கோடானுகோடி நட்சத்திரங்கள் ஒன்றாகச் சுழலும், நீலமும் பொன்னுமான சுருள். கண்ணாடியின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

“பூஜையறையில மாட்டின புதுசுல என் வீட்டுக்காரி கோமதி, சாமி படத்துக்கு நடுவுல என்ன ஜாங்கிரின்னு கேட்டா. கடைசி மாசம் அந்தப் பக்கமா கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி, இதையேதான் பார்த்துட்டுக் கிடந்தா. ‘நான் இங்கதானே போகப்போறேன்?’னா. ஆமான்னுட்டேன்.”

“சரி.”

“நேத்து மருமகன் சொல்றான், இந்த நிறமெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டதாம். உண்மையா?”

டிக்கெட்டை நீட்டச் சொல்லும் அதே குரல்.

“உண்மை. போட்டது நான்தான்.”

ஆவுடையப்பன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“அப்ப இல்லாத ஊருக்கு அவளை வழியனுப்பிட்டேனா டீச்சர்?”

எஸ்தர் திரையை அவர் பக்கம் திருப்பினார். வெறும் கறுப்பு.

“கேமரா கொடுத்தது இதுதான்.”

டீச்சர் எதையோ மெல்ல நகர்த்த, கறுப்புக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சுருள் எழுந்து வந்தது, விபூதியால் வரைந்ததுபோல.

“இதுல நான் எதையும் சேர்க்கலை. ஏழு மணி நேரமா விழுந்த வெளிச்சம். உங்க கண்ணுக்கு எட்டுற மாதிரி தூக்கிவிட்டேன், அவ்வளவுதான். அங்கேருந்து அது கிளம்பி மூணு கோடி வருஷம் ஆகுது.”

“மூணு கோடி! அப்ப மனுஷனே கிடையாதே.”

“டிக்கெட் கேட்கவும் ஆளில்லை.”

அவர் சிரிக்கவில்லை. “நிறம்?”

“சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு கண்ணாடி வழியாத் தனித்தனியா எடுத்தது. கலந்தது நான். கொஞ்சம் தூக்கலாத்தான் போட்டுட்டேன்.”

“அதுக்குள்ளயே போய் நின்னு பார்த்தா? அப்ப எப்படித் தெரியும்?”

எஸ்தர் எழுந்து அவரை வெளியே அழைத்துப் போனார். உச்சி வெயில். காவலாளியின் காக்கிச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு காகம்.

“பாருங்க.”

“என்னத்தைப் பார்க்க?”

“இந்த மாதிரி ஒண்ணுக்குள்ளதான் அண்ணாச்சி நிக்கிறோம். உள்ளே நின்னா இப்படித்தான் தெரியும்.”

ஆவுடையப்பன் காக்கிச் சட்டையைப் பார்த்தார். காகத்தைப் பார்த்தார். தான் நின்ற தரையைப் பார்த்தார்.

வெயில் சாயும்வரை அங்கேயே நின்றதில் பஸ் போய்விட்டது. படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மலை இறங்கினார். எதிரே ஏறி வந்த இருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.